அமிகாவின் அருமை தெரிய வேண்டுமா? இந்த வரிசையில் ஓட்டிப் பாருங்கள்

கமோடோர் நிறுவனம் 1994 ஏப்ரல் 29 அன்று கையை விரித்துவிட்டது. ஆனாலும் அதன் அமிகா கம்ப்யூட்டருக்கு இன்றைக்கும் புது கேம் வருகிறது, வேகத்தைக் கூட்டும் புது ஆக்சிலரேட்டர் போர்டு வருகிறது, 2021-ல் அமிகா ஓஎஸ் 3.2 என்று இயங்குதளத்துக்கே புதுப் பதிப்பு வந்தது. தயாரித்தவர்களே போய் இத்தனை வருடம் ஆன பிறகும் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே, அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியலை நீட்டுவார்கள்: 7 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 512 கிலோபைட் நினைவகம், 4096 நிறங்கள். அதைப் படித்து ஒன்றும் புரியாது. ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் எங்கே பார்ப்பது என்று தெரிந்து பார்க்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய செலவு இல்லை, ஒரு மதியப் பொழுது போதும்.

முதலில் எமுலேட்டர்

பழைய மெஷினை உடனே வாங்கக் கிளம்ப வேண்டாம், அதற்குக் கீழே வருகிறேன். உங்கள் கம்ப்யூட்டரையே அமிகா போல நடந்துகொள்ள வைக்கும் எமுலேட்டர் நிரல் போதும். விண்டோஸ் என்றால் வின்யுஏஇ, லினக்ஸ் என்றால் எஃப்எஸ்-யுஏஇ, மேக் என்றால் வி-அமிகா, ராஸ்பெரி பை என்றால் அமிபெரி. எல்லாமே இலவசம், எல்லாமே நன்றாக வேலை செய்யும்.

கூடவே கிக்ஸ்டார்ட் என்ற ரோம் (ROM) கோப்பு ஒன்று வேண்டும், அமிகாவை எழுப்பும் அடிப்படை நிரல் அது. அதற்கு இன்னும் பதிப்புரிமை உண்டு, அதனால் அமிகா ஃபாரெவர் தொகுப்பை வாங்கிவிடுவது நேர்மையான, தொந்தரவில்லாத வழி. அமிகாவின் டெஸ்க்டாப்பான வொர்க்பெஞ்ச் டிஸ்குகளும் அதிலேயே வந்துவிடும். ஆரோஸ் என்ற இலவச மாற்று ரோமும் இருக்கிறது, பல கேம்கள் அதில் ஓடும், ஆனால் நாம் இங்கே பார்க்கப் போகும் விஷயத்துக்கு அசல் கிக்ஸ்டார்ட் 1.3 தான் சரி.

அமைப்பில் அமிகா 500 என்பதைத் தேர்ந்தெடுங்கள். 1987-ல் வந்த மாடல், வீடுகளுக்குள் அமிகாவைக் கொண்டுபோனது இதுதான். நினைவகம் 512 கிலோபைட் சிப் ராம், அதோடு 512 கிலோபைட் ஸ்லோ ராம். வீடியோ, ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் பிஏஎல் முறை, ஏனென்றால் நல்ல கேம்களும், மெஷினின் திறமையைக் காட்டவே எழுதிய டெமோக்களும் பெரும்பாலும் அங்கே எழுதப்பட்டவை. இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் ஓடினால் ஸ்க்ரோல் ஆகும் படம் நொடிக்குப் பலமுறை லேசாகத் தடுக்கும், அதைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா அமிகா’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மானிட்டரை 50 அல்லது 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் படத்தின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரே மாறிக்கொள்ளும் விஆர்ஆர் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். தண்ணீர் ஓடுவது போல் ஓடும் அந்த ஸ்க்ரோல் அமிகாவின் பாதி அழகு. அசல் மெஷினின் நேரக்கணக்கை அப்படியே பின்பற்றும் சைக்கிள்-எக்ஸாக்ட் தேர்வையும் போட்டுவிடுங்கள். ஃபிளாப்பி டிரைவ் சத்தத்தையும் வையுங்கள், டிஸ்க் இல்லாதபோது டிரைவ் ‘டிக், டிக்’ என்று தட்டிக்கொண்டே இருக்கும். டிஸ்க் போட்டாகிவிட்டதா என்று அமிகா ஹெட்டை நகர்த்திப் பார்க்கும் முறை அது.

ஸ்கிரீனைக் கீழே இழுங்கள்

வொர்க்பெஞ்ச் 1.3 டிஸ்க்கைப் போட்டு பூட் செய்தால் நீலம், வெள்ளை, கருப்பு, ஆரஞ்சு என்று நான்கே நிறத்தில் ஒரு டெஸ்க்டாப் வரும். கண்ணைக் குத்தும் நிறங்கள்தான், மங்கலான டிவியிலும் எழுத்து தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவை. இப்போது தனக்கென்று தனி ஸ்கிரீன் திறக்கும் ஒரு நிரலை ஓட்டுங்கள், 320 பிக்சல் அகலத்தில் 32 நிறத்தோடு ஓடும் ஏதாவது ஒரு வரைகலை நிரல். அப்புறம் அந்த ஸ்கிரீனின் மேல் பட்டையை மவுஸால் பிடித்து மெதுவாகக் கீழே இழுங்கள்.

மேலே பாதி 640 பிக்சல் வொர்க்பெஞ்ச், கீழே பாதி 320 பிக்சல் ஓவியம். ஒரே மானிட்டரில், ஒரே நேரத்தில், இரண்டு வேறு ரெசல்யூஷன், இரண்டு வேறு நிறத்தட்டு. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கோடு மாதிரி ஒரு இடைவெளி தெரிகிறதா? அமிகாவின் வடிவமைப்பு முழுவதும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்பேன். படத்தை வரையும் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே வந்துகொண்டிருக்கும்போதே, அந்த ஓரிரு வரி நேரத்துக்குள், காப்பர் என்ற குட்டிப் பகுதி டிஸ்ப்ளேயின் எல்லா அமைப்புகளையும் மாற்றி எழுதி முடிக்கிறது. பிராசஸருக்கு இதில் வேலையே இல்லை. முதல் அமிகா வந்த 1985-ல் ஐபிஎம் பிசி பீப் என்று கத்திக்கொண்டிருந்தது, மேகிண்டாஷில் கருப்பும் வெள்ளையும்தான்.

இதை யோசித்தவர் ஜே மைனர். அதற்கு முன்பு அடாரியின் கேம் மெஷின்களுக்கும் 8-பிட் கம்ப்யூட்டர்களுக்கும் சிப் வடிவமைத்தவர். படம், ஒலி, டிஸ்க் என்று எல்லாவற்றையும் மெயின் பிராசஸர் தலையில் கட்டாமல் தனித்தனிச் சிப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அமிகாவில் அந்தச் சிப்புகள் மூன்று: நினைவகத்தை யார் எப்போது தொடலாம் என்று தீர்மானிக்கும் ஆக்னஸ், படத்தை வெளியே அனுப்பும் டெனிஸ், ஒலியையும் டிஸ்க்கையும் பார்த்துக்கொள்ளும் பவுலா. காப்பரும், படத்துண்டுகளை வேகமாக நகலெடுத்து ஒட்டும் பிளிட்டரும் ஆக்னஸுக்குள்ளேயே இருக்கின்றன.

இவர்கள் நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் விதத்தைக் கண்ணால் பார்க்கலாம். சிப்புகள் பிராசஸர் இல்லாமல் தாங்களே நினைவகத்தைத் தொடுவதற்கு டிஎம்ஏ என்று பெயர். வின்யுஏஇ-யிலும் வி-அமிகாவிலும் டிஎம்ஏ டிபக்கர் உண்டு, அதை இயக்கினால் ஒவ்வொரு நினைவக முறையும் யாருக்குப் போகிறது என்று வண்ணப் புள்ளிகளாகத் திரையிலேயே காட்டும். அமிகாவின் 68000 பிராசஸருக்கு ஒன்றுவிட்ட முறையில்தான் நினைவகம் தேவை, மிச்ச முறைகளைச் சிப்புகள் எடுத்துக்கொள்கின்றன, அதனால் 320 பிக்சல் அகலத்தில் 16 நிறம் வரை படம் காட்டுவது பிராசஸரை மெதுவாக்குவதே இல்லை. 32 நிறத்துக்குப் போனால் படம் பிராசஸரின் பங்கிலும் கை வைக்க ஆரம்பிக்கும். புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே நிறத்தைக் கூட்டினால் இது பளிச்சென்று புரியும். கிராஃபிக்ஸுக்குத் தனிச் சிப், ஒலிக்குத் தனிச் சிப், அவை நினைவகத்தைத் தாங்களே எடுத்துக்கொள்வது என்பதெல்லாம் இன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் சாதாரணம். வீட்டு மேஜைக்கு வந்த ஒரு மெஷினில் அவ்வளவும் கச்சிதமாக ஒன்று சேர்ந்தது இங்கேதான்.

ஒரே நேரத்தில் பல வேலை

அடுத்து, கடிகார நிரலை நான்கைந்து முறை திறந்து வையுங்கள், ஒரு டிஸ்க்கை ஃபார்மட் செய்யப் போடுங்கள், நோட்பேடில் ஏதாவது தட்டுங்கள். எதுவும் எதற்காகவும் காத்திருக்காது. கார்ல் சாசென்ராத் எழுதிய எக்ஸெக் என்ற கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, நிரல்களிடம் அனுமதி கேட்காமல் நேரத்தைப் பங்கிடும் ப்ரீஎம்ப்டிவ் மல்டிடாஸ்கிங்கை அரை எம்பி நினைவகத்தில் செய்தது. விண்டோஸ் 95 வந்துதான் சாதாரண பிசிக்காரர்களுக்கு இது கிடைத்தது. நினைவகப் பாதுகாப்பு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஒரு நிரல் தடுமாறினால் மொத்தமும் விழுந்து சிவப்புப் பெட்டிக்குள் ‘குரு மெடிட்டேஷன்’ மின்னும்.

‘சே’ என்ற நிரலையும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் தட்டும் ஆங்கில வாக்கியத்தை அது வாய்விட்டுப் படிக்கும்.

காதுக்கும் வேலை கொடுங்கள்

பவுலாவுக்கு நான்கு சேனல், ஒவ்வொன்றும் 8-பிட். இரண்டு முழுக்க இடது காதில், இரண்டு முழுக்க வலது காதில். ஹெட்போனில் இது உறுத்தும், எமுலேட்டரில் ஸ்டீரியோ பிரிப்பைக் குறைத்துக்கொள்ளலாம். புரோடிராக்கர் என்ற இசை நிரலை இறக்கி ஏதாவது ஒரு மாட் பாட்டுக் கோப்பைத் திறந்து ஓட விடுங்கள்: நான்கு பத்தி, ஒரு பேட்டர்னுக்கு 64 வரி, வரிகள் மேலே ஏற ஏற எந்த ஒலித்துண்டு எந்தச் சுருதியில் ஒலிக்கிறது என்று அப்படியே தெரியும். 1987-ல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரில் ஆரம்பித்த வடிவம் இது, இன்றைய டிராக்கர் நிரல்கள் எல்லாம் அதன் வாரிசுகள். பாட்டுக் கோப்பைத் திறந்தால் அது செய்யப்பட்ட விதமே கண்முன் கிடந்தது, பார்த்துப் பார்த்தே பழகினார்கள். இந்த மெஷின் மேல் இருக்கும் பாசத்துக்கு எனக்குத் தெரிந்த முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று: எதையும் அது மூடி வைக்கவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு தடயம்

எமுலேட்டரைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு உங்களிடம் இருக்கும் எந்த வேவ் ஒலிக்கோப்பையும், பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் வியூவரில் திறந்து பாருங்கள். முதல் நான்கு எழுத்து ‘ஆர்-ஐ-எஃப்-எஃப்’, அடுத்த நான்கு பைட் அளவு, அப்புறம் ‘வேவ்’ என்ற பெயர். இப்போது அமிகாவின் ஒரு படக்கோப்பைத் திறந்தால் ‘ஃபார்ம்’ என்ற நான்கு எழுத்து, நான்கு பைட் அளவு, ‘ஐ-எல்-பி-எம்’. ஒரே சட்டகம். 1985-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அமிகாவுக்காக கமோடோருடன் சேர்ந்து உருவாக்கிய ஐஎஃப்எஃப் அது, படத்தையும் ஒலியையும் எந்த நிரலும் எந்த நிரலிடமிருந்தும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வந்த ஏற்பாடு. ஆப்பிள் அதை எய்ஃப் ஒலிக்கோப்புக்கு எடுத்துக்கொண்டது, மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991-ல் பைட் வரிசையை இன்டெலுக்கு ஏற்பத் திருப்பிப்போட்டு ரிஃப் என்று ஆக்கின, அதன் மேல் வேவ், ஏவிஐ, இன்றைய வெப்பி படம் வரை நிற்கின்றன.

வேறு வழியிலும் பரவியது. 1990-ல் நியூடெக் அமிகாவுக்குள் செருகும் வீடியோ டோஸ்டரை விற்றது, டிவி ஸ்டுடியோவில் மட்டும் இருந்த வேலை சின்ன அறைக்கு வந்தது, அதோடு வந்த லைட்வேவ் 3டி நிரல் பிறகு டிவித் தொடர்களின் கிராஃபிக்ஸுக்குப் போனது. அமிகா குழுவில் இருந்த ஆர்.ஜே. மைக்கலும் டேவ் நீடிலும் அடாரி லிங்ஸ், 3டிஓ என்ற கேம் மெஷின்களை வடிவமைத்தார்கள். வோர்ம்ஸ் கேம், ஆண்டி டேவிட்சன் அமிகாவில் பிளிட்ஸ் பேசிக்கில் எழுதியதிலிருந்து வந்தது.

அசல் மெஷின் வாங்குவதாக இருந்தால்

அமிகா 500-ஐயே பாருங்கள். 600, 1200, 4000 ஆகியவற்றில் சர்ஃபேஸ் மவுண்ட் கெபாசிட்டர்கள் கசிந்து போர்டை அரிக்கும், அவற்றை மாற்றியாகிவிட்டதா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். 500-ல் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் அடிப்பக்க மூடியைத் திறந்து 512 கிலோபைட் விரிவாக்கக் கார்டு இருந்தால் வெளியே எடுங்கள். அதில் ஒரு உருளை பேட்டரி இருக்கும், பச்சையாகப் பொரிந்திருந்தால் கார்டு போச்சு, மெயின் போர்டுக்கும் பரவியிருக்கிறதா என்று கனெக்டரைப் பாருங்கள். பரவாவிட்டாலும் அந்தப் பேட்டரியை வெட்டி எறிந்துவிடுங்கள்.

பவர் சப்ளையை மெஷினில் செருகும் முன் மல்டிமீட்டரால் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம், பழைய சப்ளையை நம்பாமல் புதிது வாங்குவது இன்னும் நல்லது. ஆன் செய்ததும் திரை பச்சையாக நின்றால் சிப் ராமில் கோளாறு, சிவப்பு என்றால் கிக்ஸ்டார்ட் இருக்கும் ரோம் சிப்பில் கோளாறு. மஞ்சள் என்றால் பிராசஸர் ஏதோ பிழையில் மாட்டியிருக்கிறது. எல்லாம் சரியென்றால் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் கை வரும். விற்பவரிடம் இந்தக் கையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதற்குத் தயங்கினால் வேண்டாம்.

15 கிலோஹெர்ட்ஸ் வீடியோவை இன்றைய மானிட்டர்கள் பெரும்பாலும் ஏற்காது, டெனிஸ் சிப்பின் சாக்கெட்டில் உட்காரும் எச்டிஎம்ஐ போர்டு சிறந்த தீர்வு. ஃபிளாப்பி டிரைவுக்குப் பதில், யுஎஸ்பி ஸ்டிக்கிலிருந்து டிஸ்க் கோப்புகளைப் படிக்கும் கோடெக். உங்களிடம் பழைய டிஸ்குகள் இருந்தால் சாதாரண பிசி அவற்றை நேராகப் படிக்காது, ஃபிளாப்பி டிரைவோடு இணைக்கும் கிரீஸ்வீசில் என்ற சின்னப் போர்டு படித்து 901,120 பைட் கோப்பாக எடுத்துக் கொடுக்கும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், காந்தப் பூச்சு வருடா வருடம் பலவீனமாகிக்கொண்டே வருகிறது. ஆண்டி வார்ஹோல் அமிகாவில் வரைந்த படங்களே டிஸ்குகளில் கிடந்து 2014-ல்தான் மீட்கப்பட்டன.

கடைசியாக, நீங்களே எழுதுங்கள்

இந்த நெருக்கமான வடிவமைப்புதான் அமிகாவைக் கட்டியும் போட்டது. நிரல்கள் நேராகச் சிப்பைத் தொட்டதால் சிப்பை மாற்றினால் பழைய கேம் ஓடாது. படம் பிட்பிளேன்களாக, அதாவது நிறத்தின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு தனி அடுக்காகப் பிரிந்திருந்ததால் 32 நிறத்தில் ஒரு புள்ளி வைக்க ஐந்து இடத்தைத் தொட வேண்டும், 1993-ல் டூம் கேம் பிசிக்கு வந்தபோது அது தாங்கவில்லை. ஆனால் அதே நெருக்கம், எழுதிப் பார்ப்பவருக்கு இன்றைக்கும் பெரிய சுகம். காப்பருக்கு மொத்தமே மூன்று கட்டளைதான்: எழுது, காத்திரு, தாண்டு. சிப் அளவில் நிரல் எழுத உதவும் வாஸ்ம் அசெம்பிளரை இறக்கி ஒரு பட்டியல் எழுதுங்கள். 6401, எஃப்எஃப்எஃப்இ என்ற இரண்டு ஹெக்ஸ் எண் ‘கற்றை 100-வது வரியை எட்டும் வரை காத்திரு’. 0180, 0900 என்றால் ‘பின்னணியை மிதமான சிவப்பாக்கு’. இந்த ஜோடியை இரண்டு வரிக்கு ஒருமுறை திரும்ப எழுதி, நிறத்தை 0100, 0200, 0300 என்று ஏற்றிக்கொண்டே போங்கள், கடைசியில் வரவே வராத ஒரு வரிக்குக் காத்திருக்கச் சொல்லி முடியுங்கள். சிவப்புப் பட்டை படிப்படியாக ஒளிரும், பிராசஸர் சும்மா இருக்கும். அது வந்துவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமிலும் நிறங்களை ஒரு இடம் தள்ளி எழுதுங்கள், பட்டை நகர ஆரம்பிக்கும்.