ராமநாதபுரம் கடலோரத்தில் வீடு விற்பவர்கள் புரோக்கர் விஷயத்தில் சறுக்கும் இடங்கள்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் விற்பனைக்கு வரும் வீடுகள் பலவற்றின் உரிமையாளர் ஊரில் இருப்பதில்லை. துபாயிலோ கோலாலம்பூரிலோ சென்னை மண்ணடியிலோ இருப்பார். சாவி பக்கத்து வீட்டு மாமியிடம் இருக்கும். விலை வாட்ஸ்அப்பில் பேசப்படும். இந்த நிலையில் புரோக்கர் இல்லாமல் விற்றுவிடலாம் என்று கிளம்புவதுதான் முதல் தவறு.

கமிஷனுக்கு அரசு நிர்ணயித்த விகிதம் எதுவும் கிடையாது, பேசுவதுதான். பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம். 40 லட்சம் வீட்டுக்கு 40,000 முதல் 80,000 ரூபாய். இதை மிச்சம் பிடிக்கப் போய் விலையில் மூன்று நான்கு லட்சம் கோட்டை விடுபவர்கள் அதிகம். பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இணையத்தில் கிடைக்கும். ஆனால் அந்தத் தெருவில் போன வருஷம் நிஜமாக என்ன விலைக்குக் கைமாறியது என்பது எந்த இணையதளத்திலும் இருக்காது. ஒரு கிணற்றில் நல்ல தண்ணீர், நாலு வீடு தள்ளி உப்புத் தண்ணீர் என்பது இந்தக் கரையில் சாதாரணம். அதுவே செண்டுக்கு விலையை மாற்றும். 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்ததைக் காட்டி உறவினர்கள் சொல்லும் விலையைவிட, உள்ளூர்த் தரகர் சொல்லும் கசப்பான எண்ணுக்கே மதிப்பு அதிகம்.

ஏழு பேரிடம் சொல்லிவைப்பது அடுத்த சறுக்கல். ஒருவர் 45 லட்சம் என்பார், இன்னொருவர் 42 என்பார், மூன்றாமவர் டீக்கடையில் 39-க்கு முடிச்சிடலாம் என்று போட்டு உடைப்பார். சின்ன ஊரில் மூன்று எண்ணும் வாங்குபவர் காதுக்குப் போய்விடும்; பேரம் 39-இல் இருந்து கீழே தொடங்கும். ஒருவரிடம் மட்டும் 90 நாளுக்கு எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும்: கேட்கும் விலை, கமிஷன் சதவீதம், அதைக் கொடுக்கும் நாள் (அட்வான்ஸ் வாங்கும் அன்று அல்ல, கிரயப் பதிவு நாளில்), உங்கள் சொந்தக்காரரே வாங்கினால் கமிஷன் உண்டா இல்லையா, வாங்குபவரிடமும் அவர் கமிஷன் வாங்குகிறாரா. வீடு பார்க்க வந்தவர் பெயரையும் தேதியையும் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். “முதல்ல காட்டினது நான்தான்” என்று பின்னால் இன்னொருவர் வந்து நிற்கும்போது அது கைகொடுக்கும். புரோக்கரிடம் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். பதிவு செய்யப்பட்ட மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் விற்றுத்தரும் முகவருக்குத்தான் அது கட்டாயம். பழைய தனி வீட்டுக்கு அந்த எண்ணை வைத்து ஆளை எடைபோட முடியாது.

“உங்களுக்குக் கையில எவ்வளவு வேணும், மேல வர்றது என்னோடது.” புரோக்கரிடமிருந்து இந்தப் பேச்சு வந்தால் எழுந்துவிடலாம். நீங்கள் 35 லட்சம் என்கிறீர்கள், அவர் 41-க்கு முடிக்கிறார். பத்திரத்தில் 35 என்று போட்டால் மீதி 6 லட்சம் கணக்கில் வராத ரொக்கம். 41 என்று போட்டால், உங்கள் கைக்கு வராத 6 லட்சமும் உங்கள் விற்பனைத் தொகையாகி, அதற்கும் சேர்த்து மூலதன ஆதாய வரிக் கணக்கு (விற்ற லாபத்துக்கான வரி) உங்கள் தலையில் விழும். சதவீதக் கமிஷனை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கினால், அதை விற்பனைச் செலவாகக் காட்டி ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

வரியில் இன்னொரு இடத்தில்தான் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் விற்றால், விலை 50 லட்சத்தைத் தொட்டால்தான் வாங்குபவர் 1 சதவீதத்தை வரியாகப் பிடிப்பார். விற்பவர் வரிக் கணக்கில் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் அந்த வரம்பே கிடையாது. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதமும், அந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரியும். முழு விலைக்கும் பிடித்தால் 40 லட்சத்துக்கு 5,20,000 ரூபாய். உண்மையான ஆதாயம் குறைவாக இருந்தால், குறைவாகப் பிடிக்கச் சொல்லும் சான்றை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே வாங்க வேண்டும். பதிவுக்கு முதல் நாள் இதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல புரோக்கர் முதல் சந்திப்பிலேயே கேட்கும் கேள்விகளில் ஒன்று, “நீங்க எங்க இருக்கீங்க, வரிக் கணக்கு எப்படி?” என்பது.

காகிதத்துக்கு வருவோம். கீழக்கரையில் மகளுக்குக் கல்யாணத்தில் வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. பேச்சோடு கொடுத்து, பத்திரமும் பட்டாவும் இன்னும் வாப்பா பெயரிலோ பாட்டனார் பெயரிலோ நிற்கும். குடும்பத்துக்குள் அதில் சண்டை இருக்காது; வாங்குபவரின் வங்கிதான் ஒத்துக்கொள்ளாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற பங்குதாரர்களிடமிருந்து பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம், பிறகு பட்டா மாறுதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். இதை விளம்பரத்துக்கு முன் முடியுங்கள். இந்து குடும்பங்களில் அக்கா தங்கச்சி கையெழுத்தை மறப்பதும் இதே கணக்குத்தான். சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை நீங்களே போட்டுப் பாருங்கள். எப்போதோ அடைத்த கடனின் அடமானம், ரத்துப் பத்திரம் பதியாததால் அதில் அப்படியே நிற்கும். பத்திரத்தில் 5 செண்ட், புலப்படத்தில் (அரசு நில அளவை வரைபடம்) நாலே முக்கால் என்பதும் அடிக்கடி வரும். அளந்துவிட்டே விலை பேசுங்கள். அசல் பத்திரம் புரோக்கர் கைக்குப் போகவே கூடாது, நகல் போதும்.

கடலை ஒட்டிய வீடென்றால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். விற்பதற்குத் தடை இல்லை, கட்டுவதற்குத்தான் கட்டுப்பாடு. வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் இருந்தால், அனுமதி பெற்ற பழைய கட்டடத்தை அதே அளவுக்குள் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம், பெரிதாக்க முடியாது. “ரிசார்ட் கட்டலாம் சார்” என்று புரோக்கர் அளந்துவிடுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு வாங்குபவர் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

உப்புப் பூத்த சுவரில் அவசரமாக பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்காதீர்கள். ஈரம் உள்ளே இருக்கும்வரை சில வாரத்தில் மறுபடி உரியும். கூரையில் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பிதுங்கியிருந்தால் அதைப் பூசி மறைப்பதும் வீண், பொறியாளர் சுத்தியலால் தட்டினாலே காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் செலவை விலையில் கழித்துச் சொல்வது மேல். மீனவ ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு புரளாது, அந்த ஊர்க்காரரை நம்பி அந்த மாதங்களில் விலைக்கு வைக்க வேண்டாம்.

கடைசியாக, அக்ரிமெண்டும் பவரும் (உங்கள் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்). தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். புரோக்கரே ஒரு லட்சம் கொடுத்து ஆறு மாத அக்ரிமெண்ட் போட வந்தால், அதில் “தங்களுக்கோ தாங்கள் காட்டும் நபருக்கோ” என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர் உங்கள் வீட்டை மேல்விலைக்குக் கைமாற்றிவிடப் போகிறார், அதுவரை நீங்கள் வேறு யாருக்கும் விற்க முடியாது. வாங்குபவர் பெயரைக் குறிப்பிட்டு, கெடு 60 நாள் என்று போடுங்கள். பவரைப் புரோக்கருக்கு எழுதாதீர்கள். அண்ணன், தம்பி, மச்சான் என்று நம்பகமான ஒருவருக்கு, அந்த ஒரு சொத்துக்கு மட்டும் எழுதுங்கள். வெளிநாட்டில் எழுதினால் இந்தியத் தூதரகச் சான்று வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கிரயத்தன்று பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள், அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதால் பதிவுத் தேதி முடிவான பிறகே அதற்கு அலையுங்கள்.