டர்போ காரில் இ20 பெட்ரோல்: அளந்து பார்த்து ஓட்டும் முறை

தர்மபுரியில் போட்டாலும் சரி, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூரில் போட்டாலும் சரி, சாதாரண பெட்ரோல் என்று கேட்டால் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. இதனால் இன்ஜின் பாழாகிவிடும் என்று ஒரு கூட்டம் பயமுறுத்துகிறது. ஆக்டேன் (எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன்) கூடிவிட்டது, டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) ஏற்றலாம் என்று இன்னொரு கூட்டம் துள்ளுகிறது. இரண்டு பேருமே டேங்கில் இருப்பதை அளந்து பார்ப்பதில்லை. வேகத்துக்காக வைத்திருக்கும் காரில் முதல் வேலை அதுதான். ரீமேப்பெல்லாம் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) அதற்கு அப்புறம்.

முதலில் கணக்கு. சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்கு இது சுமார் 13.5 ஆகிறது. அதாவது உள்ளே வரும் அதே காற்றுக்கு இன்ஜெக்டர் கூடுதலாகத் தெளிக்க வேண்டும்: எத்தனாலே இல்லாத பெட்ரோலை விடச் சுமார் 7 முதல் 8 சதவீதம், இ10-ஐ விடச் சுமார் 4 சதவீதம். இ10-இலிருந்து இ20-க்கு மாறும்போது மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் இறங்குவது இந்தக் கணக்கில் அடங்கும். 15 சதவீதம் போய்விட்டது என்றால் பழியை எத்தனால் மேல் போடாமல் டயர் காற்று, பிளக், ஆக்சிஜன் சென்சார் எல்லாவற்றையும் பாருங்கள். எத்தனாலால் வரவும் உண்டு. அதன் ஆக்டேன் 108-ஐ ஒட்டி இருக்கிறது. ஆவியாகும்போது பெட்ரோலை விட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. சிலிண்டருக்குள்ளேயே நேராகத் தெளிக்கும் டிஎஸ்ஐ, டிஜிடிஐ வகை இன்ஜின்களில் இந்தக் குளிர்ச்சி நாக்கிங்கை, அதாவது கலவை தாறுமாறாகத் தானே வெடிப்பதை, நன்றாகவே அடக்கும்.

பெட்ரோல் மூடியின் உட்பக்க ஸ்டிக்கரையும் கையேட்டையும் பாருங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் எரிபொருள் பாதையின் ரப்பரும் உலோகமும் இ20 தாங்கும். அதற்கு முந்தைய காரில் இ10 என்று போட்டிருந்தால் கீழே ஓஸ் பற்றிய பகுதி உங்களுக்குத்தான்.

அளப்பதற்கு லேப் பொருள் விற்கும் கடையில் மூடியுள்ள 100 மில்லி கண்ணாடி அளவுக் குழாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் சரியாக 10 மில்லி தண்ணீர், பார்க்க எளிதாக ஒரு சொட்டு கேசரிப் பவுடர் கரைசல். 100 கோடு வரை உங்கள் காரின் டேங்கிலிருந்து எடுத்த பெட்ரோல். மூடி, நான்கைந்து முறை தலைகீழாகத் திருப்புங்கள். நடுநடுவே மூடியை லேசாகத் திறந்து ஆவியை விட வேண்டும், இல்லையென்றால் மூடி தெறிக்கும். 10 நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்து, கீழே நிறமுள்ள அடுக்கு உயர்ந்து நிற்கும். அந்த அளவிலிருந்து 10-ஐக் கழித்து, 90-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் எத்தனால் சதவீதம். கோடு 28-ஐ ஒட்டி நின்றால் இ20, 19 என்றால் இ10. எத்தனாலும் தண்ணீரும் கலக்கும்போது கொஞ்சம் சுருங்கும் என்பதால் 27 காட்டினால் பதற வேண்டாம். 33 காட்டினால் அந்த பங்க்கை மாற்றுங்கள்.

திறந்த வெளியில், சமையலறையும் சாமி விளக்கும் இல்லாத பக்கம் செய்ய வேண்டிய வேலை இது. பாட்டிலில் பெட்ரோல் கேட்டால் பங்க்கில் தர மாட்டார்கள், தரவும் கூடாது. அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரும் ஜாடியும் பங்க்கிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. சந்தேகம் இருந்தால் அங்கேயே அடர்த்தியைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளர் உரிமை. அடர்த்தியை வைத்து எத்தனால் அளவைச் சொல்ல முடியாது, கலப்படம் இருக்கலாம் என்ற குறிப்பு மட்டும் கிடைக்கும்.

அடுத்தது ஓபிடி டாங்கிள், காரின் சோதனைச் சாக்கெட்டில் செருகினால் இன்ஜின் அளவுகளைப் போனில் காட்டும் கருவி. புளூடூத் டாங்கிளைச் செருகி, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தபின் நீண்டகால ஃபியூயல் டிரிம்மை (இன்ஜின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ தெளிக்கிறது என்ற அளவை) மூன்று நிலையில் குறித்துக்கொள்ளுங்கள்: ஐடிலில், நின்றபடியே 2500 ஆர்பிஎம்மில், 80 கிலோமீட்டர் சீரான வேகத்தில். இ10-இல் பூஜ்யத்தை ஒட்டி இருந்த கார் இ20-இல் கூட்டல் 3 முதல் 5 காட்டினால் ஈசியு (இன்ஜின் கணினி) தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கூட்டல் 10-ஐத் தாண்டினால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வழி சுலபம். ஐடிலில் அதிகமாகவும் ஆர்பிஎம் ஏற ஏறக் குறைவாகவும் இருந்தால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. இன்டேக் ஓஸ், பிசிவி வால்வு பக்கம் தேடுங்கள். ஐடிலில் நன்றாக இருந்து லோடில் ஏறினால் பெட்ரோல் வரத்து போதவில்லை. ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். பல கார்களில் கூட்டல் 25-ஐ ஒட்டித் திருத்தத்தின் எல்லை வந்துவிடும். அப்போதுதான் கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171 கோடு, செக் இன்ஜின் விளக்கு எல்லாம். விளக்கு எரியும் வரை காத்திருப்பது டர்போ காருக்கு ஆகாது. பழைய நேரோபேண்ட் ஆக்சிஜன் சென்சார் (கலவை சரியான அளவுக்கு மேலா, கீழா என்று மட்டும் சொல்வது) உள்ள காரில் முழு ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஈசியு சென்சாரைக் கேட்பதே இல்லை. டிரிம்மில் கற்றதை வைத்துத்தான் ஓட்டுகிறது, சிலவற்றில் அதுவும் இல்லை.

வைட்பேண்ட் மீட்டர் (கலவை விகிதத்தையே அளந்து காட்டுவது) வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் குழம்பும் இடம் ஒன்று. இ20-க்கு 13.5 தானே என்று மீட்டரில் 13.5-ஐத் தேடுகிறார்கள். சென்சார் அளப்பது லாம்டாவை மட்டும்: கலவை சரியாக இருந்தால் 1, பெட்ரோல் கூடினால் அதற்குக் கீழே, குறைந்தால் மேலே. பெட்ரோல் அளவுகோலில் அமைத்த மீட்டர் எந்த எரிபொருள் ஊற்றினாலும் லாம்டா 1-க்கு 14.7 என்றுதான் எழுதும். மீட்டரை லாம்டாவுக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. டர்போ இன்ஜின் முழு லோடில் 0.80 முதல் 0.85-க்குள் இருக்கட்டும். 0.90-ஐத் தாண்டி பூஸ்ட்டும் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) இருந்தால் காலை எடுங்கள்.

இனி பழைய கார்கள். சிட்டி விடெக், முதல் ஆக்டேவியா விஆர்எஸ், லான்சர் போன்றவற்றை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியில் உண்டு. எத்தனால் ஒரு கரைப்பான். டேங்கிலும் பைப்பிலும் வருடக்கணக்காகப் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். இ20-க்கு மாறிய இரண்டாவது டேங்க் தீர்ந்ததும் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். புதிய மாடல்களில் ஃபில்டர் டேங்குக்குள் பம்ப்போடு சேர்ந்தே இருக்கும், அங்கே சல்லடையைப் பார்க்க வேண்டும்.

ஓஸைக் கையால்தான் சோதிக்க வேண்டும். கிளாம்ப்பின் இரண்டு பக்கமும் ரப்பர் உப்பி, கிளாம்ப் உள்ளே புதைந்தது போலத் தெரிந்தால் அது எத்தனால் குடித்த ஓஸ். வளைத்துப் பார்த்தால் வெளிப்புறம் மெல்லிய வெடிப்பு தெரியும், விரலில் கறுப்பு மை ஒட்டும். மாற்றும்போது மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட இன்ஜெக்ஷன் ஓஸ் கேளுங்கள். டேங்குக்குள் மூழ்கி இருக்கும் துண்டுக்கு மட்டும் ஆர்10. ஆர்9-இன் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளித்தோல் தாங்காது. மூழ்க வைத்தால் சில மாதத்தில் உரிந்து பம்ப் சல்லடையை அடைக்கும். உள்ளூரில் ஆர்9-ஐயே வெட்டி டேங்குக்குள் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது, நின்று பார்த்துத் தடுங்கள். இன்ஜெக்டர் ஓ-ரிங் வைட்டான் (எரிபொருள் தாங்கும் ரப்பர் வகை) என்று சொல்லி வாங்குங்கள். நிறத்தை நம்ப வேண்டாம், பச்சை நிறத்தில் சாதாரண ரப்பரும் வருகிறது. கார்ப்பரேட்டர் வண்டி என்றால் ஃப்ளோட், கேஸ்கெட், பித்தளை ஜெட் எல்லாம் தனிக் கதை. சித்திரை வெயிலில் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி வரத்தைத் தடுக்கும் ஆவி அடைப்பும் சேரும்.

எந்த வண்டி என்றாலும் எத்தனாலை விடத் தண்ணீரே பெரிய எதிரி. இ10 சுமார் 0.5 சதவீதம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும், இ20 இன்னும் கொஞ்சம் கூடுதலாக. இ20 நிரம்பிய 45 லிட்டர் டேங்கில் கால் லிட்டர் தண்ணீர் சேர்ந்தாலும் கரைந்தே எரிந்துபோகும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான், வண்டி தடுமாறி நிற்கும். மேலே மிஞ்சிய பெட்ரோலும் ஆக்டேனை இழந்த பெட்ரோல். பூஸ்ட் ஏற்றிய காரில் அதை ஓட்டினால் நாக்கிங் நிச்சயம். குளிர்ந்தால் இந்தப் பிரிவு சீக்கிரம் நடக்கும். மதிய வெயிலில் தர்மபுரியில் நிரப்பிய, ஏற்கெனவே எல்லையில் இருக்கும் பெட்ரோல் மார்கழி இரவில் ஓசூரில் பிரியக் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கி நிற்கும் பங்க்கையும், டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தையும் தவிருங்கள். வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் காரில் டேங்க்கை முக்கால் பங்குக்கு மேல் வைத்திருங்கள், இரண்டு மாதத்துக்கு மேல் அதே பெட்ரோலை வைத்திருக்க வேண்டாம்.

ட்யூனுக்கு வருவோம். பெங்களூருவுக்குக் கொண்டுபோய் ஸ்டேஜ் 1 (பாகம் மாற்றாமல் செய்யும் முதல் கட்ட ரீமேப்) ஏற்றும்போது முதலில் கேட்க வேண்டியது: ஈசியுவில் ஏற்றும் ஃபைல் எந்த ஆக்டேனுக்கு எழுதியது? இ20-இன் ஆக்டேன் 95. 97, 98 ஆக்டேன் கிடைக்கும் ஐரோப்பாவுக்கு எழுதிய ஃபைலை அப்படியே ஏற்றினால், நம் ஊர் வெயிலில் ஈசியு நாள் முழுக்க டைமிங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். காசு கொடுத்து வாங்கிய பவர் அங்கேயே போய்விடும். நல்ல ட்யூனர் டைமிங்கை 1 டிகிரி, 2 டிகிரியாக ஏற்றி ஒவ்வொரு முறையும் லாக் (ஓடும்போது எடுக்கும் அளவுகளின் பதிவு) எடுப்பார். ஒவ்வொரு சிலிண்டரின் நாக் ரிடார்டையும் (நாக்கிங் வரும்போது டைமிங்கைப் பின்னால் இழுக்கும் அளவு) கேட்டு வாங்கிப் பாருங்கள்: எப்போதாவது 1, 2 டிகிரி வந்து போனால் பரவாயில்லை, ஒரே சிலிண்டர் தொடர்ந்து 3 டிகிரிக்கு மேல் இழுத்தால் ஃபைலைக் குறைக்கச் சொல்லுங்கள். பூஸ்ட் ஏற்றிய காருக்குப் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். 5,000 கிலோமீட்டரில் ஒருமுறை கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவியது போல் கறுப்புப் புள்ளிகளோ, மினுக்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் சிலிண்டருக்குள் நாக்கிங் நடந்திருக்கிறது. துகள் பிஸ்டனிலிருந்து வந்தது.

நேரடி இன்ஜெக்ஷன் காரில் பவருக்கு இன்னொரு எல்லை உயர் அழுத்த பம்ப். லாக்கில் ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயின் அழுத்தம்) ஈசியு கேட்டதும் கிடைத்ததும் ஒட்டியே போக வேண்டும். 200 பார் கேட்டு மேல் ஆர்பிஎம்மில் 170 தான் வருகிறது என்றால் பம்ப்பின் திறன் அவ்வளவுதான். இதற்கு மேல் எத்தனாலைச் சேர்ப்பது வீண். இ30 கலவைக்கு இ20-ஐ விட இன்னும் 4 சதவீதம் வரத்து வேண்டும், இ85 என்றால் சுத்தப் பெட்ரோலை விட 40 சதவீதத்துக்கு மேல்.

இ30 கலக்க நினைப்பவர்களுக்கு: 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் எத்தனால் 100 என்ற எரிபொருளைத் தேர்ந்த பங்க்குகளில் அறிமுகப்படுத்தியது, அதில் எத்தனால் சுமார் 93 சதவீதம். 45 லிட்டர் டேங்கில் அதில் 6 லிட்டர், மீதி 39 லிட்டர் இ20 என்றால் 30-ஐ ஒட்டி வரும். ஆனால் அடுத்த முறை அரை டேங்கில் வெறும் இ20 ஊற்றினால் கலவை 25-க்கு இறங்கிவிடும், டைமிங் மட்டும் 30-க்கு எழுதியபடியே நிற்கும். ஆகவே ஃப்ளெக்ஸ் சென்சார் (பெட்ரோலில் உள்ள எத்தனால் அளவை ஈசியுவுக்குச் சொல்வது) இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சென்சார் குறைந்த அழுத்தப் பைப்பில் உட்காரும். பரவலாகக் கிடைக்கும் வகை 50 முதல் 150 ஹெர்ட்ஸ் சிக்னல் தரும், அதிலிருந்து 50-ஐக் கழித்தால் எத்தனால் சதவீதம். இ20-க்கு 70 ஹெர்ட்ஸ் வர வேண்டும். மேலே சொன்ன குழாய்ச் சோதனையோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

ஸ்பிரிட் வாங்கி டேங்கில் ஊற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு. அது போக, ரெக்டிஃபைட் ஸ்பிரிட்டில் 5 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. மெத்தனால் சேர்த்த வகை அலுமினியத்தையே தின்னும்.

லாக் எடுக்கச் சேலத்திலிருந்து ஏறி வரும் தொப்பூர் கணவாய் ஆசை காட்டும். வேண்டாம், அந்தச் சாலையில் நடக்கும் விபத்துகளைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டைனோவுக்கு (காரை நின்ற இடத்திலேயே உருளைகள் மேல் ஓட்டி அளக்கும் இடம்) போங்கள். சாதாரணமாக ஏறும்போதே ஒரு கவனம் வேண்டும்: லாரிக்குப் பின்னால் 40-இல் ஊர்ந்து, 1500 ஆர்பிஎம்மில் பெரிய கியரிலேயே திடீரென்று முழுக்க மிதித்தால் சிறிய டர்போ இன்ஜின்களில் பிளக் பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும், எல்எஸ்பிஐ என்பது அது. ஒரே அடியில் பிஸ்டன் ரிங் தடத்தை உடைத்துவிடும் வலு அதற்கு உண்டு. கியரைக் குறைத்து 2500-க்கு மேல் கொண்டுவந்து மிதியுங்கள், ஆயில் டப்பாவில் ஏபிஐ எஸ்பி (எல்எஸ்பிஐ-யைத் தடுக்கும் தர வகை) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆயில் மாற்றும் இடைவெளியையும் குறைக்க வேண்டும். ஊருக்குள் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் ஆயில் சூடாவதே இல்லை. எரியாத பெட்ரோலும் எத்தனாலும் தண்ணீரும் கீழே இறங்கி அங்கேயே தங்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறுகிறதா, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா, மூடியின் அடியில் வெளிர் மஞ்சள் பசை இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ரீமேப் செய்த காருக்கு 5,000, மற்றதற்கு 7,500 கிலோமீட்டர். வாரத்துக்கு ஒரு நாளாவது பாலக்கோடு, காவேரிப்பட்டணம் என்று அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் உள்ளே தங்கியது ஆவியாகிப் போகும்.

டேங்கில் அடுக்கு பிரிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சாவியை ஆன் செய்தாலே பம்ப் ஓடி அடி அடுக்கை இன்ஜெக்டர் வரை தள்ளும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டேங்கை அடி வரை வடித்து, ஃபில்டரை மாற்றி, புதிதாக 10 லிட்டர் ஊற்றி லைனைக் கழுவி எடுத்த பிறகு பம்ப்பை இயக்குங்கள். ஏற்கெனவே ஓடிவிட்டிருந்தால் உயர் அழுத்த பம்ப்பின் உள்பக்கத்தையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே துரு பிடித்திருக்கக் கூடும்.