அகதி முகாம் மக்களுக்கு உதவும் கோயில் பங்குகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் இலங்கைத் தமிழர் அகதி முகாம் நேற்று முளைத்ததல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை வெள்ளைக்காரர் காலத்தில் தங்கவைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம் அது. 1983 கலவரத்துக்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்களுக்கும் அதுவே முதல் தங்கலானது. 2022 மார்ச்சில் இலங்கையில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் போனபோது தனுஷ்கோடிப் பக்கம் மறுபடி படகுகள் வந்தன. நம் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளில் இந்த மக்களுக்கு உதவும் மனசுக்குக் குறைவில்லை. உதவுகிற விதத்தில்தான் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

எனக்கு மிகவும் வலிக்கிற தவறு, கடலில் பட்ட கோபத்தை முகாமின் மேல் காட்டுவது. இலங்கைக் கடற்படை நம் விசைப்படகைப் பிடித்துப் போனால் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் எத்தனை வீடு கலங்கிப்போகும் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் முகாமில் இருப்பவர்களா நம் பிள்ளைகளைப் பிடித்தார்கள்? அவர்களிலும் மன்னார்க் கரையிலிருந்து வந்த கடல் சனங்கள் உண்டு. அதே கடற்படைக்குப் பயந்து வலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. ஊர்க் கூட்டத்தில் “அவங்களுக்கு நாம எதுக்குச் செய்யணும்?” என்று ஒரு குரல் எழுந்தால், பங்குத்தந்தையோ மீனவர் சங்கத் தலைவரோ அந்த இடத்திலேயே பதில் சொல்லிவிட வேண்டும். விட்டுவிட்டால் அதுவே ஊர்ப் பேச்சாகி, பள்ளிக்கூடத்தில் முகாம் பிள்ளையின் காதுக்குப் போய்ச் சேரும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரைச் சனமும் ஒன்றாகச் சிலுவைப்பாதை நடக்கிறோம். ஓரியூரில் 1693இல் உயிர்விட்ட புனித அருளானந்தர் லிஸ்பனில் பிறந்தவர். அவர் உயிர்விட்ட இடத்துச் செம்மண்ணை அள்ளி வீட்டில் வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து வந்தவரைச் சொந்தமாக்கிக்கொள்வது நமக்குப் பழக்கமில்லாத காரியமா?

அடுத்தது, உதவியையும் செபத்தையும் முடிச்சுப் போடுவது. முகாம்களில் சைவக் குடும்பங்கள்தான் அதிகம். பூசைக்கு வந்தால்தான் டியூஷனில் சேர்ப்போம் என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், வராத பிள்ளையை ஓரமாக உட்கார வைத்தாலே அந்தத் தாய்க்குப் புரிந்துவிடும். அரிசி கொடுக்கும்போது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதையும் இன்றோடு நிறுத்துங்கள்.

காகித விஷயத்தில் நடக்கும் தவறுகள் வெளியே தெரிவதில்லை. பாதிப்பு மட்டும் வருஷக்கணக்கில் தொடரும். ஞானஸ்நான ஏட்டில் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிவிடுகிறோம். முகாம் அட்டையில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றில் வேறு மாதிரி, நம் ஏட்டில் இன்னொரு மாதிரி. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை கேட்டுச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியப் போகும்போது இந்த எழுத்து வித்தியாசம் வழிமறிக்கும். அதனால் அட்டையையும் சான்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதியச் சொல்லுங்கள். கல்யாணத்தைக் கோயில் ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். தினக்கூலிக் குடும்பத்துக்குச் சென்னை போய்வரும் செலவே பெரிய பாரம். பங்கு நிதியிலிருந்து அந்தப் பயணச் செலவைக் கொடுப்பது, பழைய துணி மூட்டையை விட நூறு மடங்கு பிரயோசனம்.

கூடவே, தெரியாத சட்டத்தைத் தெரிந்தது போலச் சொல்லாதீர்கள். 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு உத்தரவை வைத்து, குடியுரிமை கிடைத்துவிட்டது என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து அது விலக்குகிறது, அவ்வளவுதான். 2022இல் வந்தவர்களுக்கு அது பொருந்தாது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. கேள்வி வந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப் போங்கள். 1984இலிருந்து இந்த மக்களோடு இருக்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்திடமும் கேட்கலாம்.

கடல் மணல் திட்டில் இலங்கையிலிருந்து படகில் வந்த யாராவது இறக்கிவிடப்பட்டுத் தவிப்பதைப் பார்த்தால் தண்ணீர், சோறு, காய்ந்த துணி கொடுங்கள். இரக்கப்பட்டு வீட்டில் ஒளித்து வைக்காதீர்கள். 1093க்குப் போன் செய்து மரைன் போலீசுக்குச் சொல்லுங்கள். பதிவு ஆகாதவருக்கு முகாம் வீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை.

கூலி விஷயம். முகாம் ஆண்கள் பலர் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள். கோயிலுக்கு வெள்ளையடிக்க அவர்களைக் கூப்பிட்டு, ஊர்க்காரருக்குக் கொடுப்பதில் பாதியைக் கொடுப்பது பாவம். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் அடியில் இருப்பது, அவர்களை எப்போதும் வாங்கும் பக்கத்திலேயே நிறுத்திவைக்கும் பழக்கம். திருவிழாக் கமிட்டியிலும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியத்திலும், பாடற்குழுவிலும் அவர்களுக்கு இடம் கொடுங்கள். டியூஷன் எடுக்க ஆள் தேடுகிறீர்களா? பட்டம் படித்தும் குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்குப் போக முடியாத பிள்ளைகள் முகாமில் இருக்கிறார்கள். சம்பளம் கொடுத்து அவர்களையே வையுங்கள். கூட்ட நாளைக் குறிக்கும் முன் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாள் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவர்களால் வர முடியாது.