டீசல் காரின் டைமிங் பெல்ட்டை மாற்றுதல்: செலவு எதற்கு, சிரமம் எங்கே?

டைமிங் பெல்ட்டின் விலையை விசாரித்தவர்கள், அதை மாற்றித் தருவதற்கான மொத்தத் தொகையைக் கேட்டதும் திகைத்துப் போவது வழக்கம். ஒரு ரப்பர் பட்டைக்கு இவ்வளவா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தத் தொகையில் பெரும்பகுதி பெல்ட்டுக்கு உரியது அன்று. அதை எட்டுவதற்காகக் கழற்றிப் பூட்ட வேண்டிய பாகங்களுக்கும், திரும்பப் பூட்டும்போது தவறாமல் காக்க வேண்டிய துல்லியத்துக்கும் உரியது. இந்த வேலையைத் தாமே செய்ய நினைப்பவர்களுக்கும், மெக்கானிக்கிடம் ஒப்படைத்தாலும் என்ன நடக்கிறது என்பதை அறிந்திருக்க விரும்புபவர்களுக்கும் உதவும் வகையில் இதைப் படிப்படியாக விளக்குகிறேன்.

முதலில் அறிய வேண்டியவை

பிஸ்டன்களால் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் என்ற தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டையும் இணைத்து ஒரே கணக்கில் சுழல வைப்பதே டைமிங் பெல்ட். எல்லா டீசல் எஞ்சின்களிலும் இந்தப் பெல்ட் இருப்பதில்லை. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சினில் அதற்குப் பதிலாகச் செயின் இருக்கிறது, ரெனால்ட்டின் 1.5 டிசிஐ எஞ்சினில் பெல்ட் இருக்கிறது. சில புதிய எஞ்சின்களில் எண்ணெயில் நனைந்தபடியே ஓடும் பெல்ட்டும் உண்டு. அதை மாற்றும் முறை வேறு என்பதால் இங்கே அதைச் சேர்க்கவில்லை.

கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம்ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். வால்வுகள் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போவது இந்தக் கணக்கினால்தான். டீசல் எஞ்சினில் காற்று அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 15இல் ஒரு பங்கு அல்லது அதைவிடச் சிறிய இடத்துக்குள் நெருக்கப்படுவதால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேல் மிகக் குறைந்த இடைவெளியே மிஞ்சுகிறது. ஓட்டத்தின்போது பெல்ட் அறுந்தால் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும். கிராங்க்ஷாஃப்ட் மட்டும் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, திறந்த நிலையில் நின்றுபோன வால்வுகளின் மீது பிஸ்டன் மோதும். அதன் பிறகு எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, வளைந்த வால்வுகளையும் அதன் அடியிலுள்ள கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு பெல்ட் மாற்றும் செலவைப் போலப் பல மடங்கு ஆகும் என்பதால், இதைத் தள்ளிப்போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்ற வேண்டிய கெடு எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். சிலவற்றுக்கு 60,000 கிலோமீட்டர், சிலவற்றுக்கு 2,00,000 கிலோமீட்டருக்கும் மேல். அதனுடன் ஆண்டுக் கணக்கும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. பெல்ட்டைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம், ஏனெனில் சுமையைத் தாங்கும் கண்ணாடி இழைகள் ரப்பருக்குள்ளே புதைந்திருக்கின்றன. பழைய கார் வாங்கியவர்கள், பெல்ட் மாற்றியதற்கான ரசீது கையில் இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

செலவைப் பிரித்துப் பார்த்தல்

பெல்ட், அதை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர், அதன் பாதையை வழிநடத்தும் ஐட்லர் புல்லிகள் ஆகியவை சேர்ந்த முழுத் தொகுப்பாகவே வாங்குங்கள். புதிய பெல்ட்டைப் பழைய டென்ஷனரின் தேய்ந்த பேரிங் அறுத்துவிட முடியும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் இதே பெல்ட்டினால் சுழலும் எஞ்சின் என்றால் அதையும் சேர்த்து மாற்றுவதே புத்திசாலித்தனம். பம்ப் பிற்பாடு கசிந்தால் அதே கூலியை மறுபடியும் கொடுக்க நேரும், கசியும் கூலண்ட் பெல்ட்டையும் கெடுக்கும். புதிய கூலண்ட், ஒருமுறை மட்டுமே முறுக்கத் தகுந்த போல்ட்டுகள், வெளியே ஓடும் ஆல்டர்னேட்டர் பெல்ட் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீதி முழுவதும் கூலி. எஞ்சின் குறுக்குவாட்டில் பொருத்தப்பட்ட கார்களில் பெல்ட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கே இடம் இருக்கும். எஞ்சினைக் காரோடு பிடித்து நிறுத்தும் எஞ்சின் மவுண்ட்டையே கழற்ற வேண்டியிருப்பதால்தான் நேரம் கூடுகிறது. பயிற்சி பெற்றவர்களுக்கே பல மணி நேரம் பிடிக்கும் வேலை இது. முதல்முறை செய்பவர்கள் இரண்டு முழு நாட்களை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். கொட்டேஷன் வாங்கும்போது தொகையை மட்டும் ஒப்பிடாமல், பம்ப்பும் டென்ஷனரும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். குறைந்த தொகை சொல்பவர்கள் பல நேரம் பெல்ட்டுக்கு மட்டுமே சொல்லியிருப்பார்கள்.

செய்முறை

உங்கள் எஞ்சினுக்கான சர்வீஸ் கையேடும், தண்டுகளைச் சரியான நிலையில் நிறுத்திவைக்க அதற்கே உரிய லாக்கிங் கருவிகளும், முறுக்கு விசையை (டார்க்) அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சும் இல்லாமல் தொடங்கவே கூடாது. இம்மூன்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே என் திடமான கருத்து.

1. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். காரை ஆக்சில் ஸ்டாண்டின் மீது நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகாதீர்கள்.

2. சக்கரம், அதன் உட்புறக் காப்புத் தகடு, ஆல்டர்னேட்டர் பெல்ட் ஆகியவற்றைக் கழற்றுங்கள். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்பின் கீழ் மரக்கட்டை வைத்து ஜாக்கால் எஞ்சினைத் தாங்கிய பிறகே மவுண்ட்டைக் கழற்ற வேண்டும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

3. கிராங்க்ஷாஃப்ட்டை அது இயல்பாகச் சுழலும் திசையிலேயே கையால் சுற்றி, கையேடு சொல்லும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பல எஞ்சின்களில் அது முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலையாக இருக்கும். கிராங்க், கேம் இரண்டிலும் லாக்கிங் பின்களைச் செருகுங்கள். எரிபொருள் பம்ப்பையும் இதே பெல்ட் சுழற்றும் எஞ்சின்களில், குறிப்பாகப் பழைய மெக்கானிக்கல் பம்ப் உள்ளவற்றில், அதற்கும் ஒரு பின் உண்டு.

4. கிராங்க் புல்லியின் போல்ட் மிகுந்த விசையோடு முறுக்கப்பட்டிருக்கும். அதைத் தளர்த்தும்போது லாக்கிங் பின் அந்த விசையைத் தாங்கக் கூடாது. பின் நிலையைக் காட்டுவதற்கு மட்டுமே உரியது. கிராங்கின் மறுமுனையிலுள்ள கனமான சக்கரமான ஃபிளைவீலைப் பிடித்து நிறுத்தும் கருவியைப் பயன்படுத்துங்கள். சில எஞ்சின்களில் கிராங்க் பற்சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு (key) கிடையாது, போல்ட்டின் இறுக்கமே அதைப் பிடித்து நிறுத்துகிறது. அவற்றில் இந்தக் கட்டத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

5. டென்ஷனரைத் தளர்த்திப் பழைய பெல்ட்டை எடுத்துவிடுங்கள். பெல்ட் இல்லாத நேரத்தில் கேமையோ கிராங்கையோ தனியாகச் சுற்றினால் வால்வு வளையக்கூடும். வாட்டர் பம்ப், டென்ஷனர், புல்லிகள் ஆகியவற்றை மாற்றி, எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று தண்டுகளைச் சுற்றியுள்ள சீல்களைப் பாருங்கள். கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் புதிய பெல்ட்டைப் பூட்ட வேண்டாம், ஏனெனில் எண்ணெய் ரப்பரைக் கெடுத்துவிடும்.

6. புதிய பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. உள்ளிருக்கும் இழைகள் முறிந்துவிடும். பெல்ட்டின் மேலுள்ள அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டும்படி, கையேடு சொல்லும் வரிசையில் மாட்டுங்கள். பெரும்பாலும் அது கிராங்கில் தொடங்கி, டென்ஷனரில் முடியும். பெல்ட்டின் தொய்வு முழுவதும் டென்ஷனர் இருக்கும் பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டும். மற்ற பக்கத்தில் சிறிது தொய்வு இருந்தாலும், இறுக்கும்போது ஒரு பல் நகர்ந்துவிடும். 20 பற்கள் உள்ள கிராங்க் பற்சக்கரத்தில் ஒரு பல் பிழை என்பது 18 பாகைப் பிழை. எஞ்சின் கரடுமுரடாக ஓடுவதற்கு அதுவே போதும், வால்வு மோதவும் கூடும்.

7. டென்ஷனரின் முள் அதற்குரிய குறியோடு பொருந்தும் வரை திருப்பி, கையேட்டின் அளவுப்படி போல்ட்டை முறுக்குங்கள். கையால் அமுக்கிப் பார்த்து இறுக்கத்தை மதிப்பிடும் பழக்கம் இங்கே உதவாது: தளர்ந்தால் பல் தாவும், அதிகம் இறுகினால் பேரிங்குகள் கெடும்.

8. இனி வருவதே இந்த வேலையின் உயிர்நாடி. எல்லாப் பின்களையும் எடுத்துவிட்டு, கிராங்கை ரெஞ்சால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். வழியில் எதிலாவது தட்டுவது போன்ற தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் கொடுத்துத் தாண்ட முயலக் கூடாது. இரண்டு சுற்று முடிந்ததும் பின்கள் எல்லாம் தடையின்றி நுழைய வேண்டும், டென்ஷனர் முள்ளும் குறியிலேயே நிற்க வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் ஐந்தாம் கட்டத்துக்குத் திரும்பிச் சென்று மறுபடியும் மாட்டுங்கள். ஸ்டார்ட்டரைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். கையால் சுற்றும்போது தெரியும் பிழை வால்வைக் கெடுக்காது, ஸ்டார்ட்டரால் சுற்றும்போது தெரியும் பிழை கெடுத்துவிடும்.

9. பின்களை எடுத்துவிட்டீர்களா என்று மறுபடியும் சரிபார்த்து, கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் மற்றவற்றைப் பூட்டுங்கள். கிராங்க் போல்ட் புதியதாக இருக்கட்டும். அதற்கு டார்க் அளவோடு கோண அளவும் கொடுக்கப்பட்டிருந்தால் இரண்டையும் பின்பற்றுங்கள். கூலண்ட் நிரப்பி, அதிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள்.

எஞ்சினை இயக்கியதும் சில நிமிடங்கள் ஐடிலில் ஓடவிட்டு, பெல்ட் உரசும் ஒலியோ புல்லியின் சீற்றமோ கேட்கிறதா என்று கவனியுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டர் கணக்கையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டுக்குள் ஒட்டுங்கள். மறுநாள் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு, புதிய பம்ப்பின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.