மோட்டாரை ஹீட்டராக நினைத்துக் கணக்குப் போடாதீர்கள்

போன வாரம் ஒரு தோட்டத்தில் என்னுடன் வந்த பையன், ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் கணக்குப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: “அண்ணே, வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரும் குறைய வேண்டும் அல்லவா? இங்கே ஏன் ஏறுகிறது? மீட்டர் கெட்டுவிட்டதா?”

மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. இதே சந்தேகம் எனக்கும் ஒரு காலத்தில் வந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காததால் வந்த செலவை வேறொருவர் கொடுத்தார். அந்தக் கதை பிறகு.

மில்லிஆம்பியரை ஆம்பியராக எழுதுவது, பெருக்க வேண்டிய இடத்தில் வகுப்பது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. விடை அபத்தமாக வரும்போது அவை தாமாகவே பிடிபட்டுவிடும். விடை நியாயமாகத் தெரிந்தும் தவறாக இருப்பதுதான் ஆபத்து.

பாதிக் கம்பி, பாதி வாட் அல்ல

230 வோல்ட்டில் 1000 வாட் தரும் மின் அடுப்புச் சுருளின் மின்தடை சுமார் 53 ஓம், அதில் 4.35 ஆம்பியர் ஓடும். சுருளைச் சரிபாதியாக வெட்டிப் போட்டால் 500 வாட் கிடைக்கும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தடை பாதியானால் மின்னோட்டம் இரட்டிப்பாகும். 8.7 ஆம்பியர், 2000 வாட். சுவரில் இருப்பதோ 6 ஆம்பியர் சாக்கெட். அறுந்த சுருளை முறுக்கி ஒட்டும்போதும் இதே கதைதான்: ஒவ்வொரு முறையும் கம்பி கொஞ்சம் குட்டையாகிறது, முன்பைவிட அதிகமாகக் காய்கிறது, முன்பைவிடச் சீக்கிரம் அறுகிறது.

குளிர்ந்த பல்பை அளப்பது

100 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப்படி 529 ஓம். மல்டிமீட்டர் 40 ஓம் அளவில்தான் காட்டும். இரண்டுமே சரி. டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் காய்ந்தபின் உள்ள தடை வேறு, பெட்டியிலிருந்து எடுத்த பல்பின் தடை வேறு. அந்த 40-ஐ வைத்து வாட் கணக்கிட்டால் 1300-க்கு மேல் வரும்.

மோட்டாரும் ஓம் விதியும்

இனி அந்தக் கதை. 300 அடி ஆழ்துளைக் கிணறு, 5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் சுற்றிலும் எல்லாத் தோட்டங்களிலும் ஒரே சமயத்தில் மோட்டார் ஓடும். 415 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 340-தான் இருந்தது. அளவுக்கு மேல் ஆம்பியர் போனால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்துகொண்டே இருந்தது.

நான் மனக்கணக்குப் போட்டேன். வோல்டேஜ் குறைவு, ஆகவே ஆம்பியரும் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே ரிலேதான் கோளாறு. வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் பையிலேயே இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து ரிலேயின் அளவை 8-லிருந்து 11-க்குத் திருப்பிவிட்டு, “இனி விழாது” என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

விழவில்லைதான். மறுநாள் மாலை மோட்டார் எரிந்தது.

நடந்தது இதுதான். ஹீட்டருக்குத் தடை ஏறக்குறைய மாறாது. வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் குறையும், வாட் அதன் வர்க்கத்தில் குறையும். மோட்டாரோ தண்ணீரைத் தூக்கியாக வேண்டும். வோல்டேஜ் குறைந்தாலும் தண்ணீரின் எடை குறையாது. வேகம் சிறிதளவே குறையும். வேண்டிய திறன் ஏறக்குறைய அப்படியே நிற்கும். குறைந்த வோல்டேஜை அதிக ஆம்பியரால் மோட்டார் ஈடுகட்டுகிறது. 8 ஆம்பியர் இழுத்தது 9.8 இழுக்கும். காயிலில் உண்டாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது: 1.5 மடங்கு. ரிலே அதைத்தான் கத்திக்கொண்டிருந்தது. நான் அதன் வாயை அடைத்தேன்.

இருபது அடிக் குழாய்கள் 15. முக்காலி நட்டு, செயின் போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்தோம். தோட்டக்காரர் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொரு குழாய் வெளியே வரும்போதும் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மோட்டாரைத் திறந்தபோது காயில் கம்பியின் பிளாஸ்டிக் உறை உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ரீவைண்டிங் கூலி, ஏற்றி இறக்கிய கூலி, தண்ணீர் இல்லாத ஆறு நாள்.

இன்றும் யாராவது அளக்காமல் ரிலேயைத் திருப்புவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வோல்டேஜை மோட்டார் ஓடும்போது, ஸ்டார்ட்டர் முனையிலேயே பாருங்கள்; நிறுத்திவிட்டுப் பார்த்தால் 400 காட்டி ஏமாற்றும். மூன்று வயர்களிலும் தனித்தனியாக ஆம்பியர் பாருங்கள். மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ளதைவிட அதிகமென்றால் நிறுத்திவிட்டு, மின்னழுத்தம் ஏறும்வரை காத்திருங்கள்.

அந்தப் பையனின் இன்னொரு கணக்கு: 415-ஐ 8-ஆல் பெருக்கி, 3320 வாட் என்றான். மும்முனைக்கு 1.732-ஆலும் பெருக்க வேண்டும், அது 5750. அதுவும் வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். திறன் காரணி (வோல்ட்-ஆம்பியரில் உண்மையான வாட் ஆகும் பங்கு) 0.8 என்றால் உள்ளே போவது 4600 வாட். தண்டில் கிடைக்கும் 5 குதிரைத்திறன் 3730 வாட். மீதி 870 வாட் மோட்டாருக்குள்ளேயே வெப்பமாகிறது. காயிலின் ஓமை அளந்து வோல்ட்டை அதனால் வகுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. 70, 80 ஆம்பியர் என்று விடை வரும். சுழலும் மோட்டார் தனக்குள் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை.

பெயர்ப்பலகையின் வோல்ட், மீட்டரின் ஆம்பியர்

இரண்டையும் கலந்து பெருக்காதீர்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்தவை மட்டுமே ஜோடி.

மின்சாரம் இருக்கும்போது ஓம் அளப்பது

கூடாது.

மல்டிமீட்டரின் சிவப்பு முனை 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது வோல்ட் பார்ப்பது

அது அளவீடு அல்ல, ஷார்ட் சர்க்யூட். ஃபியூஸ் மட்டும் போனால் உங்கள் நல்ல நேரம்.