சிங்கப்பூரில் வேலையிடக் காயம்: இழப்பீட்டைக் கைநழுவ விடும் தவறுகள்

சிங்கப்பூரில் கட்டுமான சைட்டிலோ கப்பல் பட்டறையிலோ அடிபட்ட நம் ஊர்க்காரர்கள் பலர் முதலில் சொல்வது, "தப்பு என் மேலதாங்க, எப்படிக் கேக்கிறது?" என்பதுதான். இந்த எண்ணமே தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன.

2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம், யார் மேல் தப்பு என்று கேட்பதே இல்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் ஏற்பட்டதா என்று மட்டும்தான் கேட்கிறது. ஏணியில் பார்த்து ஏறாமல் கால் வழுக்கியிருந்தாலும் இழப்பீடு உண்டு. குடிபோதையில் இருந்தது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டது, வேலையிடத்தில் வம்புச் சண்டை போட்டது போன்ற சில நிலைமைகளில்தான் கிடையாது.

வொர்க் பெர்மிட்டில் (வேலை அனுமதி) இருப்பவரா, எஸ் பாஸா (நடுத்தரத் திறன் ஊழியருக்கான அனுமதி), உள்ளூர்க்காரரா, சம்பளம் எவ்வளவு என்ற வேறுபாடும் இல்லை. முதலாளியிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எல்லாருக்கும் பொருந்தும். வீட்டுப் பணிப்பெண்கள், ராணுவம், காவல்துறை போன்ற சீருடைப் பணியினர் போன்ற சிலர் மட்டும் இதில் வரமாட்டார்கள். பணிப்பெண்களுக்காக முதலாளி தனியாக விபத்துக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

சட்டம் தொழிலாளி பக்கம் இவ்வளவு இறங்கி வந்திருந்தும் பணம் கிடைக்காமல் ஊர் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். நடந்தது வேலையிடத்தில்தான் என்பதைக் காட்ட அவர்கள் கையில் ஒன்றும் இருப்பதில்லை. முதல் நாளிலேயே அந்த வாய்ப்பு கைவிட்டுப் போயிருக்கும்.

"ரூம்ல விழுந்தேன்னு சொல்லு"

காயம் பெரிதாகத் தெரியவில்லை என்றால் சூப்பர்வைசர் இப்படிச் சொல்வது உண்டு. சைட்டில் விபத்து என்று பதிவானால் மெயின் கான்ட்ராக்டர் கேள்வி கேட்பார், விசாரணை வரும். அதனால், "டார்மெட்டரி பாத்ரூமில் வழுக்கிட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு, செலவை கம்பெனி பாத்துக்கும்" என்பார். நல்ல மனிதராகவே இருப்பார், உண்மையிலேயே உதவுவதாக நினைத்தும் சொல்வார். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு மருத்துவர் எழுதும் குறிப்பைத்தான் இழப்பீடு தர வேண்டிய காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுத்துப் பார்க்கும். அதில் "அறையில் விழுந்தார்" என்று இருந்தால், மூன்று மாதம் கழித்து முழங்காலுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்போது உங்கள் வார்த்தையை உங்கள் வார்த்தையே மறுக்கும்.

மருத்துவரிடம் நான்கு விஷயம் சொன்னால் போதும்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது. ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கூட வந்த கம்பெனி ஆள் உங்களுக்குப் பதிலாகப் பேசினால், அவர் சொன்னதோடு விட்டுவிடாமல் நீங்களும் வாய் திறந்து சொல்லுங்கள்.

மருத்துவரின் அறையில் நடக்கும் இன்னொரு தவறு, அதிகம் வலிக்கிற இடத்தை மட்டும் காட்டுவது. விரல் நசுங்கிய வேதனையில் முதுகு அடிபட்டது நினைவுக்கு வராது. இரண்டு வாரம் கழித்து முதுகைப் பற்றிச் சொன்னால், "அன்றைக்குச் சொல்லவில்லையே" என்பார்கள். தலை முதல் கால் வரை எங்கெல்லாம் அடிபட்டதோ அத்தனையும் முதல் நாளே குறிப்பில் ஏறட்டும்.

அப்புறம், வாய்வார்த்தையாகத் தகவல் சொல்வதோடு நிறுத்துவது. சூப்பர்வைசரிடம் நேரில் சொல்லியிருந்தாலும் அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள். தமிழில் போட்டாலும் சரி. காயத்தையும் விழுந்த இடத்தையும் படம் எடுங்கள், அல்லது எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்ற ஆட்களின் கைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கூட நின்ற வங்கதேச நண்பர் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்கு மாறிவிடலாம், பெர்மிட் முடிந்து ஊருக்கே போய்விடலாம்.

எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) இல்லாவிட்டால் விபத்தே இல்லை என்று நினைப்பதும் பரவலாக இருக்கிறது. ஒரே ஒரு நாள் மருத்துவ விடுப்பு கொடுத்திருந்தாலும், விடுப்பே தராமல் "லைட் டியூட்டி" (இலகுவான வேலை) மட்டும் எழுதியிருந்தாலும், முதலாளி அதை 10 நாட்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர் தெரிவிக்கவில்லை என்று பட்டால் நீங்களே அமைச்சிடம் சொல்லலாம், அதற்கு முதலாளியின் சம்மதம் தேவையில்லை. இழப்பீட்டுக் கோரிக்கைக்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு கெடு. "கம்பெனி எல்லாம் பாத்துக்குதுன்னு சொல்லுச்சு" என்று காத்திருந்தே அந்த ஓராண்டைத் தாண்டவிட்டவர்கள் உண்டு.

கணக்கு தெரியாமல் கையெழுத்துப் போடுவது

சட்டப்படி மூன்று விதப் பணம் வர வேண்டும். மருத்துவ விடுப்புக் காலச் சம்பளம் ஒன்று. வெளிநோயாளி விடுப்பில் முதல் 14 நாளுக்கும், மருத்துவமனை விடுப்பில் 60 நாள் வரைக்கும் முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை. இரண்டாவது மருத்துவச் செலவு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, அல்லது ஓராண்டு வரை, எது முந்துகிறதோ அது. மூன்றாவது, நிரந்தர ஊனத்துக்கான மொத்தத் தொகை. பலர் ஏமாறுவது இந்த மூன்றாவதில்தான்.

இதைக் கணக்கிடும் முறை எளிது. சராசரி மாத வருமானம், வயதுக்கேற்ற ஒரு பெருக்கெண், மருத்துவர் மதிப்பிடும் ஊன விழுக்காடு, மூன்றையும் பெருக்க வேண்டும். 30 வயதுக்காரருக்குப் பெருக்கெண் 181. அவருடைய மாத வருமானம் 1,000 வெள்ளி, ஊனம் 10 விழுக்காடு என்றால் 18,100 வெள்ளி வர வேண்டும். அதே ஆளின் வருமானத்தை 700 வெள்ளி என்று எழுதிவிட்டால் 12,670 வெள்ளிதான். ஏறக்குறைய ஐந்தரை ஆயிரம் வெள்ளி அப்படியே போய்விடும்.

1,000 எப்படி 700 ஆகும்? ஓடி (ஓவர்டைம்) காசை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டினால் ஆகும். சட்டப்படி சராசரி வருமானத்தில் ஓடியும் சேரும். விபத்துக்கு முந்தைய 12 மாத வருமானத்தின் சராசரி அது. ஆகவே பேஸ்லிப்பை (சம்பளச் சீட்டு) வீசிவிடுவது, நேர அட்டையைப் படம் எடுத்து வைக்காமல் இருப்பது, சம்பளம் ரொக்கமாக வந்தபோது தேதியும் தொகையும் எழுதி வைக்காமல் இருப்பது, இவையெல்லாம் அடிபடுவதற்கு முன்பே செய்துவிடுகிற தவறுகள். இன்று நல்ல உடம்போடு இருப்பவரும் இதை இன்றே தொடங்கலாம்.

இந்தத் தொகைக்கும் மேல்வரம்பு, கீழ்வரம்பு உண்டு. முழு ஊனம் என்றால் 1,16,000 வெள்ளிக்குக் குறையாமலும் 3,46,000 வெள்ளிக்கு மிகாமலும் கிடைக்கும். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 91,000 முதல் 2,69,000 வெள்ளி வரை. தஞ்சாவூரிலோ புதுக்கோட்டையிலோ இருக்கும் மனைவியிடம் கம்பெனி ஆள் ஒரு லட்ச ரூபாயைக் கொடுத்து "உதவித்தொகை" என்று கையெழுத்து வாங்கினால், அந்தத் தொகைக்கும் இந்த எண்களுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். உதவியை வாங்கலாம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். சட்டம் தரும் இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது. செல்லாத தாளாக இருந்தாலும், கையெழுத்துப் போட்டவர் "இனிமேல் முடியாது" என்று தானே நினைத்து ஒதுங்கிவிடுகிறார். அதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிட்டு அறிவிப்பு வந்தபின், அதை ஏற்காவிட்டால் 14 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று மடித்து வைத்துவிடாதீர்கள். வந்த அன்றே தெரிந்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

ஊருக்குக் கிளம்புவதும், கிளம்பாமல் இருப்பதும்

"பெர்மிட்டைக் கேன்சல் பண்ணிடுவாங்க, டிக்கெட் போட்டாச்சு, ஊர்லயே வைத்தியம் பாத்துக்கலாம்" என்று சொன்னால் பயம் வரத்தான் செய்யும். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் ஊரில் நிற்கிறது, வட்டி ஓடுகிறது. இந்தப் பயம் எவ்வளவு கனமானது என்று தெரியாமல் "உரிமையைக் கேள்" என்று யாரும் சும்மா சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெர்மிட் ரத்தானாலும் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது சிங்கப்பூரில் தங்கியிருக்கச் சிறப்பு அனுமதி கிடைக்கலாம். அந்தக் காலத்தில் உணவு, தங்குமிடப் பொறுப்பு கடைசி முதலாளியுடையது. ஊருக்குப் போனாலே உரிமை போய்விடாது என்பதும் உண்மை. ஆனால் சிகிச்சை முடிந்து ஊனம் மதிப்பிடுவதற்கு முன் போய்விட்டால் எல்லாமே கடினம்.

தங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, சிறப்பு அனுமதியில் இருந்துகொண்டு திருட்டுத்தனமாக வேலைக்குப் போவது. வேலை செய்ய அனுமதி இல்லாத நிலையில் பிடிபட்டால் அது தனிக் குற்றம். "வேலை செய்யும் அளவுக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று கோரிக்கைக்கு எதிராகவும் அது பேசும்.

வழக்கறிஞர் விஷயத்திலும் அவசரம் கூடாது. இந்தச் சட்டத்தின்கீழ் கோர வழக்கறிஞர் தேவையில்லை. முதலாளியின் அலட்சியத்தால்தான் விபத்து என்று நிரூபிக்க முடிந்தால் நீதிமன்றத்தில் தனி வழக்கு போடலாம், அதற்கு மூன்றாண்டு கெடு. அங்கே கூடுதல் தொகை கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். இரண்டிலும் பணம் பெற முடியாது. லிட்டில் இந்தியாவில் அறிமுகமாகி "பெரிய தொகை வாங்கித் தர்றேன்" என்பவரின் பேச்சில் ஒரு வழியை விட்டு இன்னொன்றுக்குத் தாவாதீர்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் காயங்களுக்கு. மெல்ல வரும் நோய்களை நம் ஆட்கள் கோருவதே அபூர்வம். இரைச்சலால் காது மந்தமாவது, சிமெண்டும் ரசாயனமும் பட்டுத் தோல் வெடிப்பது, கல் வெட்டும் தூசியால் நுரையீரல் கெடுவது எல்லாம் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளவை. மருத்துவரிடம் தோல் அரிப்பு என்று மட்டும் சொல்லாமல், கையில் என்னென்ன பொருள் படுகிறது, எத்தனை மாதமாக அந்த வேலை, விடுப்பில் இருந்தபோது குறைந்ததா என்பதையும் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வேலையோடு அதற்குள்ள தொடர்பு எந்தத் தாளிலும் ஏறாது.

சந்தேகம் என்றால் பெண்டெமீர் சாலையிலுள்ள மனிதவள அமைச்சின் சேவை நிலையத்துக்குப் போகலாம். வெளிநாட்டு ஊழியர் நிலையம், டிடபிள்யூசி2, ஹெல்த்சர்வ் ஆகிய அமைப்புகளும் அடிபட்ட தொழிலாளர்களுக்கு உதவுகின்றன. போகும்போது எம்சி, பேஸ்லிப், ஐபிஏ கடிதம் (வேலை அனுமதிக்கு முன் வரும் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம்), வாட்ஸ்அப் செய்திகள், படங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். இவற்றின் நகல் ஊரில் ஒருவரின் கைபேசியிலும் இருக்கட்டும்.