‘ஃபுல் என்ஜின் வேலை முடிந்தது’ என்கிறாரா? பழைய ஜீப் வாங்குமுன் இதைப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. பச்சை இலை மூட்டைகளைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக ஜீப் இல்லாமல் முடியாது. இதுவரை மூன்று பழைய டீசல் ஜீப்புகள் வாங்கியிருக்கிறேன். முதலாவதை விற்றவர் “ஃபுல் என்ஜின் வேலை பார்த்தாகிவிட்டது” என்றார். நானும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். நான்காவது மாதம், குஞ்சப்பனை ஏற்றத்தில், நீலப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. அதன் பிறகு கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

1. எந்த வேலை என்று கேளுங்கள்

என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை மட்டும் கழற்றி, வால்வு தேய்த்து, இடையிலுள்ள கேஸ்கட்டை மாற்றுவது டாப் வேலை. அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பையும் இறக்கி பிஸ்டன், ரிங் மாற்றினால் அது ஹாஃப் என்ஜின். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கையும் வெளியே எடுத்து, லேத்தில் கிரைண்டிங் செய்து, பேரிங் மாற்றினால்தான் ஃபுல் என்ஜின். டீசலைப் பீய்ச்சும் பம்ப், நாசில் வேலை தனிக்கணக்கு. டாப் வேலைக்கும் ஃபுல் வேலைக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் விற்கும்போது எல்லாமே ‘என்ஜின் வேலை’தான். விற்பவர் பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. பட்டறையில் சொன்னதை அவரும் நம்பியிருக்கலாம்.

அடுத்து, “எந்த சைஸ் பிஸ்டன் போட்டீர்கள்?” என்று கேளுங்கள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்தால் அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும்: வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1 மில்லிமீட்டர் என்று கூடிக்கொண்டே போகும். ஏற்கெனவே கடைசி அளவுக்கு வந்த என்ஜின் என்றால் அடுத்த முறை சிலிண்டரின் உள்குழாயான லைனரே மாற்ற வேண்டியிருக்கும். உண்மையில் வேலை செய்தவரிடம் லேத் பில் ஒன்றும் உதிரிபாகக் கடை பில் ஒன்றும் தனித்தனியாக இருக்கும். ஒரே தாளில் ‘என்ஜின் வேலை முழுவதும்’ என்று எழுதி, ஒரு முழுத் தொகையைப் போட்டிருந்தால் அதை நான் பில் என்று எடுத்துக்கொள்வதில்லை.

2. குளிர்ந்த என்ஜினைப் பாருங்கள்

மூன்றாவது ஜீப்பைப் பார்க்க ஊட்டி காந்தலுக்குப் போனேன். அதை விற்றவரும் ‘ஃபுல் என்ஜின்’ என்றுதான் சொன்னார். ஜனவரி மாதம், காலை ஏழு மணி. புல்லெல்லாம் வெள்ளை. பக்கத்தில் நின்ற ஆட்டோவின் கூரையில் உறைபனி அப்படியே இருந்தது. ஜீப்பின் பானெட்டில் மட்டும் ஈரம். தொட்டேன், வெதுவெதுப்பு. நான் வருவதற்குள் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்.

“அண்ணா, நாளைக்கு மறுபடியும் வருகிறேன். அதுவரை சாவியைத் தொடாதீர்கள்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். தேய்ந்த டீசல் என்ஜினின் வண்டவாளம் அந்த முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் சரியாக இருந்து, பேட்டரியும் நன்றாக இருந்து, அப்போதும் நெடுநேரம் சுற்றினால்தான் கிளம்புகிறது என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம், குறைவு என்று சந்தேகப்படலாம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஓடும்போது தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். சூடான என்ஜினில் இந்த மூடியைத் தொடவே கூடாது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

3. சாக்கை விரித்து அடியில் படுங்கள்

சட்டை அழுக்காகும், பரவாயில்லை. சம்ப் கழற்றிய வண்டியில் போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கும். விளிம்பில் புதிய கேஸ்கட்டோ பிதுங்கிய பசையோ தெரியும். காந்தல் ஜீப்பில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயிலும் செம்மண்ணும் சேர்ந்து, நகத்தால் கீறினாலும் பெயராத அடையாக போல்ட்டுகளை மூடியிருந்தது.

“சம்ப்பை இறக்காமல் கிராங்க்கை எப்படி அண்ணா எடுத்தார்கள்?”

அவர் பதில் சொல்லவில்லை. “டீ சாப்பிடுங்கள் தம்பி” என்றார்.

என்ஜின் முழுக்கப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். டீசல் என்ஜினில் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். ஆறு மாதமாக ஓடுகிறது என்கிற வண்டியில் ஆயில் தேன் நிறத்தில் இருந்தால், அது நேற்று ஊற்றியது. கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தையும் புகையையும் சில நாள் அடக்கி வைக்கும் வித்தையும் உண்டு. ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் கொஞ்சம் வெண்ணெய் போலப் படிந்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம். குளிரில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் அது வரும். டிப்ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் இருந்தால்தான் ஆயிலில் தண்ணீர்.

4. பேக் கம்ப்ரஷனும் புகையும்

என்ஜின் சூடானதும், ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே காட்டுங்கள். லேசான மூச்சு இயல்பு. புகையோடு குபுகுபுவென்று அடித்தால் அதுதான் பேக் கம்ப்ரஷன், ரிங் தேய்ந்திருக்கிறது.

“மலையில் எல்லா வண்டியும் புகைக்கும்” என்பார்கள். அது பாதி உண்மை. இங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய என்ஜின் ஏற்றத்தில் கறுப்புப் புகை விடலாம். நீலப் புகைக்கு மலை பொறுப்பல்ல, அது எரிகிற ஆயில். கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்தாலும் இந்த உயரத்தில் எண் குறைவாகத்தான் காட்டும். எனவே நான்கு சிலிண்டரும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. ஏற்றத்தில் ஓட்டுங்கள்

சேரிங்கிராஸிலிருந்து தொட்டபெட்டா சந்திப்பு வரை போதும். ஆளை ஏற்றிக்கொண்டு போங்கள். வெப்பமானியையும் ஆயில் பிரஷரையும் கவனியுங்கள். மேலே போய் நிறுத்தியதும், சூடான என்ஜின் ஐடிலில் ஓடும்போது பிரஷர் படுத்துவிட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

6. என்ஜின் எண்

பிளாக்கில் உள்ள எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு என்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

காந்தல் ஜீப்பை நான் வாங்கினேன், டாப் வேலை மட்டும் நடந்த வண்டியின் விலைக்கு. அடுத்த மாதம் பட்டறையில் சம்ப்பை இறக்கியபோது மெக்கானிக் பேரிங்கைத் துடைத்து என் கையில் கொடுத்தார். முதுகில் ‘ஸ்டாண்டர்ட்’ முத்திரை. கம்பெனியில் போட்ட பேரிங் அப்படியே இருந்தது.